64 கிராம் கலாம்சாட்: செயற்கைக்கோளா, இல்லையா?

அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க இந்த வாரம்தான் கடைசி. வந்த கடிதங்களில் பலவும் கேட்பது ஒன்றைத்தான்: கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் குழுவினர் செய்த கலாம்சாட் போல எங்கள் பிள்ளைகளும் செயற்கைக்கோள் செய்யலாமா?

அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால், 'உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்' என்ற அறிவிப்பை அப்படியே ஏற்க முடியாது. 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து அதைச் சுமந்து சென்றது, மேலே போய்த் திரும்பி விழும் ஆய்வு ராக்கெட். பூமியைச் சுற்றிவர, பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. வேகம் வேண்டும். அந்த ராக்கெட்டுக்கு அது கிடையாது. ஒரு சுற்றுகூடச் சுற்றாததைச் செயற்கைக்கோள் என்று சொல்வது தவறு.

சுற்றுப்பாதைக்குப் போகாமலேயே கலாம்சாட்டுக்கு எடையின்மை எப்படி வந்தது? இதைத்தான் மாணவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். தண்ணீர் பீய்ச்சும். கையை விட்டால், பாட்டில் விழும்போது பீய்ச்சுவது நின்றுவிடும். பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. இப்போது மேலே எறியுங்கள். ஏறும்போதும் ஒழுகாது! கையை விட்டுப் பிரிந்த நொடியே அது 'விழ' ஆரம்பித்துவிட்டது. ராக்கெட்டிலும் அதேதான்: எரிபொருள் தீர்ந்ததும், இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எடையின்மை தொடங்கிவிடும். பூமியின் ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை.

முப்பரிமாண அச்சில் கார்பன் இழை கலந்து செய்த கூடு இந்தப் பயணத்தைத் தாங்குமா என்பதே அந்தக் குழு எழுப்பிய கேள்வி. பாராட்ட வேண்டியது அந்தக் கேள்வியை.

ஏன் 64 கிராம்? 4 செ.மீ. கனசதுரம், 64 கிராம் என்பது கலாம்சாட்டுக்கு ராக்கெட்டில் இடம் கொடுத்த மாணவர் போட்டி வைத்த வரம்பு.

நாசா ஏவியதா? ராக்கெட் நாசாவுடையது, இடம் கிடைத்தது அந்தப் போட்டி வழியாக.

கலாம்சாட் சுற்றுப்பாதைக்குப் போகவே இல்லையா? இந்த 64 கிராம் கலாம்சாட் போகவில்லை; பின்னர் வந்த, 1.26 கிலோ எடையுள்ள கலாம்சாட் வி2 போனது, 2019 ஜனவரி 24 அன்று, பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில்.

ஆசிரியர்களே, விண்ணப்பத்தில் 'உலகிலேயே முதல்' என்று எழுத வைக்காதீர்கள். பிள்ளை எதை அளந்தது, என்ன எண் கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள்.