ஜார்ஜ் ஹெர்பர்ட்

ஜார்ஜ் ஹெர்பர்ட் (3 ஏப்ரல் 1593 – 1 மார்ச் 1633) ஆங்கிலக் கவிஞர், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 17ஆம் நூற்றாண்டின் மீமெய்யியல் கவிஞர்களுள் ஒருவராக வைத்து எண்ணப்படுபவர். அரசவையில் உயர்பதவி பெறும் வாய்ப்புகள் இருந்தும், வாழ்வின் இறுதி மூன்று ஆண்டுகளைச் சிறிய கிராமத் தேவாலயம் ஒன்றில் பணியாற்றிக் கழித்தார். அவருடைய ஆங்கிலக் கவிதைகள் அவர் உயிரோடிருந்தபோது நூலாக அச்சேறவில்லை. மறைந்த ஆண்டிலேயே வெளியான 'தி டெம்பிள்' (ஆலயம்) என்னும் தொகுப்பு அவரை ஆங்கிலச் சமயக் கவிதையின் முதல் வரிசையில் நிறுத்தியது.

பிறப்பும் குடும்பமும்

வேல்சு நாட்டின் மாண்ட்கமரி நகரில், செல்வாக்கு மிக்க குடும்பத்தில் ஹெர்பர்ட் பிறந்தார். பெற்றோர் ரிச்சர்டு ஹெர்பர்ட், மக்தலேன். உடன்பிறந்தோரையும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகள். ஹெர்பர்ட்டுக்கு மூன்று வயதானபோது தந்தை இறந்தார். அதன்பின் பிள்ளைகளின் படிப்பையும் ஒழுக்கத்தையும் தாயே முன்னின்று கவனித்தார். கவிஞர் ஜான் டன் அவருடைய நண்பர். மூத்த அண்ணன் எட்வர்டு கவிஞராகவும் மெய்யியலாளராகவும், பிரான்சில் ஆங்கிலத் தூதராகவும் விளங்கினார்.

கல்வி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்ற ஹெர்பர்ட், 1609இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1610 புத்தாண்டுக்குத் தாய்க்கு எழுதிய கடிதத்துடன் இரண்டு பதினான்கடிப் பாக்களை அனுப்பினார். கவிஞர்கள் தங்கள் திறமையை எல்லாம் காதலுக்கே செலவிடுகிறார்கள், இறைவனுக்கென எழுதுவோர் மிகச் சிலரே என்பது அவற்றில் அவர் வெளியிட்ட குறை. அப்போது அவருக்கு வயது 16. பிற்காலக் கவிதைகள் அனைத்தும் இந்தத் தீர்மானத்தின் வழியிலேயே அமைந்தன.

1613இல் இளங்கலைப் பட்டமும் 1616இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் பின்னர்ச் சொல்லணியியல் விரிவுரையாளராகவும் பணிபுரிந்தார்.

அரசவையும் திருச்சபையும்

1620இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவாளராக ஹெர்பர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசருக்கும் அமைச்சர்களுக்கும் பல்கலைக்கழகத்தின் சார்பில் இலத்தீனில் கடிதம் எழுதுவதும், சிறப்பு விருந்தினர்களை வரவேற்றுப் பேசுவதும் இப்பதவியின் கடமைகள். இது அரசவைக்குச் செல்லும் படிக்கட்டாகவே கருதப்பட்டது. முன்பு இப்பதவியில் இருந்த ராபர்ட் நாண்டன் அரசுச் செயலர் நிலைக்கு உயர்ந்திருந்தார். ஹெர்பர்ட்டுக்கும் அத்தகைய எதிர்பார்ப்பு இருந்தது. பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட சங்கீத மொழிபெயர்ப்பு நூலை ஹெர்பர்ட்டுக்குப் படைத்ததிலிருந்து அன்று அவருக்கிருந்த மதிப்பை அறியலாம்.

1624இல் மாண்ட்கமரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த ஆண்டின் இறுதியில் டீக்கனாகத் திருநிலை பெறுவதற்கான அனுமதியும் பெற்றார். 1625 மார்ச்சில் அரசர் முதலாம் ஜேம்சு இறந்தார். ஹெர்பர்ட்டை ஆதரித்த பிரபுக்கள் இருவரும் ஏறத்தாழ அதே காலத்தில் மறைந்தனர். இறப்புகளால் அரசவைக் கதவு அடைபட்டதாலேயே அவர் திருச்சபைக்குத் திரும்பினார் என்று சொல்வதுண்டு. ஆனால் திருநிலைக்கான முயற்சி அரசரின் இறப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. இளமையிலிருந்தே இரு ஆசைகளும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. எதை விடுவது என்று முடிவெடுக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அடிக்கடி வந்த காய்ச்சலும் உடல்நலிவும் அந்தத் தயக்கத்தை நீட்டித்தன. 'துன்பம்' என்ற தலைப்பில் அவர் எழுதிய கவிதைகளுள் முதலாவது இக்காலத்து மனநிலையை நேரடியாகப் பதிவு செய்கிறது.

1626இல் ஹண்டிங்டன்ஷயரின் லெய்ட்டன் புரோம்ஸ்வோல்டு தேவாலயத்தோடு இணைந்த திருச்சபைப் பதவி ஒன்றைப் பெற்றார். இடிந்து கிடந்த அக்கட்டடத்தை நன்கொடை திரட்டிப் புதுப்பிக்க முயன்றார். ஜெபம் வாசிக்கும் மேடையும் பிரசங்க மேடையும் அங்கு ஒரே உயரத்தில் அமைக்கப்பட்டன. ஜெபமும் பிரசங்கமும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல என்பதே இதன் பொருள். அருகிலிருந்த லிட்டில் கிடிங்கில் இறைவேண்டலுக்கென ஒரு குடும்பச் சமூகத்தை நடத்திவந்த நிக்கோலசு ஃபெரர் இப்பணிக்குத் துணைநின்றார்.

1627இல் தாய் இறந்தார். ஜான் டன் நிகழ்த்திய நினைவுப் பிரசங்கத்தோடு, தாயைக் குறித்து ஹெர்பர்ட் எழுதிய இலத்தீன், கிரேக்கக் கவிதைகளும் அவ்வாண்டே அச்சாயின. 1628இல் சொற்பொழிவாளர் பதவியை விட்டார். 1629 மார்ச்சில் ஜேன் டான்வர்சை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்றோரை இழந்த சகோதரியின் மகள்களைத் தம் வீட்டில் வளர்த்தனர்.

பெமர்ட்டனில் திருப்பணி

1630 ஏப்ரலில் சாலிஸ்பரி நகருக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் கிராமத்தின் பொறுப்பு ஹெர்பர்ட்டுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பழுதடைந்திருந்த தேவாலயத்தையும் குருமனையையும் செப்பனிட்டார். ஏழைகளுக்கு உதவினார். நோயுற்றோரை வீடு தேடிச் சென்று பார்த்தார். லூட், வயோல் ஆகிய நரம்புக் கருவிகளை இசைப்பதில் வல்லவர். சாலிஸ்பரி பேராலயத்தின் இசையைக் கேட்க வாரம் இருமுறை நடந்து செல்வார்.

1670இல் ஹெர்பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட ஐசக் வால்டன், அந்த நடைப்பயணங்கள் ஒன்றைக் குறித்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சுமையோடு விழுந்துகிடந்த குதிரையைத் தூக்கிவிட ஓர் ஏழைக்கு உதவியதால், ஹெர்பர்ட் அழுக்கடைந்த உடையோடு இசை நண்பர்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் முகம் சுளித்தபோது, அந்த உதவியின் நினைவு நள்ளிரவில் தமக்கு இசையாக இருக்கும் என்றார். ஹெர்பர்ட் மறைந்து 37 ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்நூல் அவரைப் பெரும்பாலும் அமைதியே உருவான புனிதராகக் காட்டுகிறது. கவிதைகளில் தென்படும் மனிதரோ இறைவனோடு வாதாடுபவர், சலித்துக்கொள்பவர், கோபிப்பவர்.

மறைவும் கையெழுத்துப் படியும்

ஹெர்பர்ட் 1633 மார்ச் 1 அன்று, 40 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, காசநோயால் இறந்தார். பெமர்ட்டன் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறக்கும் தறுவாயில் தம் கவிதைகளின் கையெழுத்துப் படியை நண்பர் ஒருவர் வழியாக ஃபெரருக்கு அனுப்பினார். மனம் சோர்ந்த ஏதேனும் ஓர் உயிருக்கு இது உதவும் என்று தோன்றினால் அச்சிடலாம், இல்லையேல் எரித்துவிடலாம் என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி என வால்டன் எழுதுகிறார். ஃபெரர் அதை அச்சுக்கு அனுப்பினார். சமயம் இங்கிலாந்தை விட்டு அமெரிக்கா செல்லக் காத்திருக்கிறது என்ற கருத்துடைய இரண்டு அடிகளால் பல்கலைக்கழக அனுமதி தாமதமானதாகவும், ஃபெரர் அவற்றை நீக்க மறுத்ததாகவும் வால்டன் கூறுகிறார். நூல் 1633இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. 1670க்குள் இருபதாயிரம் படிகளுக்கு மேல் விற்றன என்பது வால்டன் தரும் கணக்கு.

கவிதைகள்

'தி டெம்பிள்' மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியான 'ஆலய முகப்பு', உள்ளே நுழையும் இளைஞனுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் 77 பாக்களால் ஆனது. நடுப்பகுதியான 'ஆலயம்' நூலின் உயிர்ப்பகுதி. 'போராடும் திருச்சபை' என்ற நெடுங்கவிதையோடு தொகுப்பு முடிகிறது.

நடுப்பகுதியின் முதற்கவிதையான 'பலிபீடம்', அச்சிட்ட பக்கத்தில் பலிபீடத்தின் வடிவிலேயே அமைந்துள்ளது. 'ஈஸ்டர் சிறகுகள்' கவிதையில் மனிதனின் வீழ்ச்சியைப் பேசும்போது அடிகள் குறுகுகின்றன, இறைவனோடு எழுவதைப் பேசும்போது நீள்கின்றன. இவ்வாறு வடிவமும் பொருளும் ஒன்றாகின்றன. ஹெர்பர்ட் கையாண்ட பாவடிவங்களுள் பெரும்பாலானவை தொகுப்பில் ஒருமுறை மட்டுமே வருகின்றன.

'தி காலர்' இறைப்பணியின் கட்டுப்பாட்டை எதிர்த்துக் குமுறும் ஒருவரின் கவிதை. தலைப்பு குருமார் அணியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் குறிப்பதன்று. அப்பட்டை 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. கழுத்தில் பூட்டிய தளை என்பதே இங்குப் பொருள். எதுகை ஒழுங்கின்றிச் சிதறியபடி ஓடும் கவிதை, தம்மைப் பிள்ளையென அழைக்கும் ஒரு குரலைக் கேட்டதும் ஒழுங்குக்குத் திரும்பி அடங்குகிறது. 'கப்பி' கவிதையில் இறைவன் மனிதனுக்கு எல்லா வரங்களையும் கொடுத்து, மன அமைதியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். அந்த அமைதியின்மையே மனிதனை அவரிடம் இழுத்துச் செல்லும் கப்பி. நடுப்பகுதியின் கடைசிக் கவிதை, தகுதியில்லை என்று தயங்கி நிற்கும் விருந்தாளியை அன்பே எதிர்வந்து பந்தியில் அமர்த்துவதைச் சொல்கிறது.

எளிய சொற்கள், வீட்டிலும் தொழிலிலும் புழங்கும் உவமைகள், பேச்சின் ஓசை ஆகியவை ஹெர்பர்ட்டின் நடைக்குரிய இயல்புகள்.

உரைநடை

கிராம குருவின் கடமைகளை விளக்கும் 'கிராமப் போதகர்' என்ற நூல் 1652இல் வெளியானது. குருவானவர் உழவும் கால்நடை வளர்ப்பும் அறிந்திருக்க வேண்டும், மூலிகை மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும், மக்கள் அறிந்த பொருள்களைக் கொண்டே அவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்று இந்நூல் கூறுகிறது. ஹெர்பர்ட் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுப் பழமொழிகள் 1640இல் அச்சாயின.

தாக்கம்

ஹென்றி வான் என்ற கவிஞர் ஹெர்பர்ட்டைத் தம் வழிகாட்டியாக ஏற்றார். அரசர் முதலாம் சார்லசு சிறையில் இருந்தபோது ஹெர்பர்ட்டின் கவிதைகளைப் படித்தார். 18ஆம் நூற்றாண்டில் அவரது புகழ் மங்கியிருந்தபோதும், கடும் மனச்சோர்வில் தவித்த கவிஞர் வில்லியம் கூப்பர் அவற்றில் ஆறுதல் கண்டார். கோல்ரிட்ஜின் பாராட்டு 19ஆம் நூற்றாண்டில் அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் வான் வில்லியம்சு, ஹெர்பர்ட்டின் கவிதைகளைக் கொண்டு 'ஐந்து மறைஞானப் பாடல்கள்' என்ற படைப்பை 1911இல் உருவாக்கினார். டி. எஸ். எலியட் 1962இல் ஹெர்பர்ட்டைப் பற்றித் தனி நூல் எழுதினார்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1938இல் ஹெர்பர்ட்டின் விருந்துக் கவிதையை அறிந்து மனப்பாடம் செய்தார். கடுமையான தலைவலி வரும்போதெல்லாம் அதைச் சொல்லிவந்ததாகவும், அவ்வாறு சொல்லும்போதே கிறிஸ்துவின் அருகாமையை உணர்ந்ததாகவும் பின்னர் எழுதினார். எரித்துவிடவும் இசைந்து அனுப்பப்பட்ட படியிலிருந்த கவிதை அது.

இங்கிலாந்துத் திருச்சபை ஆண்டுதோறும் பிப்ரவரி 27 அன்று ஹெர்பர்ட்டை நினைவுகூர்கிறது.