கதிர் மருத்துவத்தில் மூச்சசைவு மேலாண்மை

மூச்சசைவு மேலாண்மை என்பது, கதிர் மருத்துவத்தின்போது நோயாளி மூச்சு விடுவதால் இடம் பெயரும் புற்றுநோய்க் கட்டியைத் தவறாமல் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதற்கும், சுற்றியுள்ள நல்ல திசுக்களைக் காப்பதற்கும் கையாளப்படும் முறைகளின் பொதுப்பெயர் ஆகும். நுரையீரல், கல்லீரல், கணையம், இடது மார்பகம் ஆகியவற்றின் சிகிச்சையில் இது முதன்மையானது.

பின்னணி

தலை, கழுத்துப் பகுதிகளை வெப்பத்தால் இளகும் பிளாஸ்டிக் முகமூடி கொண்டு அசையாமல் நிறுத்தலாம். உடலுக்குள் உதரவிதானம் ஏறி இறங்குவதை எம்முகமூடியாலும் நிறுத்த இயலாது. நுரையீரலின் கீழ்ப்பகுதியிலுள்ள கட்டி ஒவ்வொரு மூச்சிலும் 1 செ.மீ.க்கு மேலும் நகரக்கூடும். மேற்பகுதிக் கட்டிகள் பொதுவாகக் குறைவாகவே நகர்கின்றன.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957 இல் கோபால்ட்-60 கருவி நிறுவப்பட்டபோது சி.டி. கருவி கிடையாது. எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு அகலமான கதிர்ப்புலம் வரையப்பட்டது. அசைவு அவ்வகலத்துக்குள் மறைந்து போனது. அதற்கான விலையை நல்ல திசு கொடுத்தது. 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டையைச் சுற்றி 5 மி.மீ. விளிம்பு சேர்த்தால், கதிர் பெறும் கன அளவு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. ஆகவே விளிம்பைக் குறைப்பதே இம்முறைகள் அனைத்தின் நோக்கம்.

முறைகள்

சாதாரண சி.டி. படம் கட்டியை ஒரு கணத்தில் மட்டுமே காட்டுகிறது. நான்கு பரிமாண சி.டி. முறையில் மூச்சுச் சுழற்சி வழக்கமாக 10 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டி சென்றுவரும் இடம் முழுவதும் இலக்காக வரையப்படுகிறது. எளிய முறை இது. ஆனால் அசைவு பெரிதானால் இலக்கும் பெரிதாகும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் கழகத்தின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை, அசைவு 5 மி.மீ.க்கு மேற்பட்டால் தனி மேலாண்மை முறைகளைப் பரிந்துரைத்தது.

வாயில் முறையில், மூச்சின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் கதிர் திறக்கப்படுகிறது. தொடர்முறையில் கதிர்க்கற்றையே கட்டியைப் பின்தொடர்கிறது.

ஆழ்ந்து மூச்சிழுத்து நிறுத்தும் முறை இடது மார்பகப் புற்றுநோயில் பெரும் பயன் தருகிறது. நுரையீரல் விரிவதால் இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகுகிறது. சுவீடன், டென்மார்க்கு நாட்டுப் பெண்களைப் பற்றி 2013 இல் வெளிவந்த ஆய்வில், இதயத்தின் சராசரி ஏற்பளவு 1 கிரே கூடும்போது பெரிய இதயக்குழல் பாதிப்புகளின் வீதம் 7.4 விழுக்காடு உயர்வது கண்டறியப்பட்டது.

இம்முறைக்கு நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும். சுமார் 20 நொடிகள் மூச்சை நிறுத்த வேண்டியிருப்பதால், நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளோருக்கு இது கடினம். முன்பயிற்சியும், புரியும் மொழியில் ஏவலும் இன்றியமையாதவை. 1960 இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணி வட்டாரத்தில், அம்மையார்குப்பம் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழுடன் தெலுங்கும் வழங்குகிறது. இத்தகைய ஊரிலிருந்து வரும் நோயாளிக்கு ஆங்கிலத்தில் பதிவு செய்த ஏவல் உதவாது; ஒரு நொடி தாமதமாக இழுத்த மூச்சும் இலக்கை மாற்றிவிடும்.

புரோட்டான் சிகிச்சை

சென்னை தரமணியில் 2019 இல் அப்போலோ புரோட்டான் மையம் தொடங்கப்பட்டது. மெல்லிய புரோட்டான் கற்றை கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்புகிறது. கற்றையும் கட்டியும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் சில இடங்கள் மிகையாகவும் சில குறைவாகவும் கதிர் பெறும். இதைச் சமன்செய்ய ஒரே அடுக்கு பலமுறை மீள நிரப்பப்படுகிறது.