ஸ்டேஷனுக்கு நடந்து போன குடை

"வாக்கிங் டு தி ஸ்டேஷன், மை அம்ப்ரெல்லா ப்ரோக்." சொற்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போனது யார்? ஆங்கில இலக்கணப்படி பார்த்தால், குடைதான்!

'வாக்கிங்' போன்ற ஒரு தொடர் ஆளைச் சொல்லாமல் வாக்கியத்தின் முன்னால் நின்றால், கமாவுக்கு அடுத்து வரும் எழுவாயோடு அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டவேண்டிய ஆள் அங்கே இல்லாவிட்டால் அந்தரத்தில் தொங்கும். இதைத்தான் 'டாங்ளிங் மாடிஃபையர்' என்கிறார்கள்.

நமக்கு இந்தப் பிழை சட்டென்று உறைக்காததற்குத் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது குடை உடைஞ்சிடுச்சு" என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். '-போது' வந்தால் இரண்டு வினைக்கும் இரண்டு எழுவாய் இருக்கலாம். 'நான்' என்பதையும் விட்டுவிடலாம். அதை அப்படியே 'வாக்கிங்' ஆக்கும்போதுதான் சிக்கல்.

'வாக்கிங்' நம்ம 'நடந்துகொண்டே' மாதிரி. "நடந்துகொண்டே குடை உடைந்தது" என்று சொல்லிப் பாருங்க, காதே தடுத்துவிடும். 'செய்து' வகை வினையெச்சம் அதே வினைமுதலின் வினையைத்தான் கொள்ளும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ("மழை பெய்து குளம் நிறைந்தது" போன்ற விலக்குகளும் உண்டு.)

சரி, எப்படித் திருத்துவது? கமாவுக்குப் பின்னால் ஆளைக் கொண்டுவரலாம்: "வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஐ ப்ரோக் மை அம்ப்ரெல்லா." ஆனால் இப்போது குடையை உடைத்தவன் நான் என்று ஆகிவிட்டது! பொருள் மாறக்கூடாது என்றால் முன்பாதியிலேயே ஆளை வைத்துவிடுங்கள்: "வைல் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன், மை அம்ப்ரெல்லா ப்ரோக்."

குடை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அலுவலக மெயிலில் "ஹேவிங் செக்டு தி அக்கவுண்ட்ஸ், தி மணி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்டு" என்று எழுதினால்? கணக்கைச் சரிபார்த்தது யார்? பணமா? நாளைக்குப் பணம் தப்பான கணக்குக்குப் போயிருந்தால் முதலில் எழும் கேள்வியே அதுதான். வாக்கியத்தில் பதில் இல்லை. "ஆஃப்டர் தி மேனேஜர் செக்டு தி அக்கவுண்ட்ஸ், ஐ ட்ரான்ஸ்ஃபர்டு தி மணி" என்றால் யார் எதைச் செய்தார் என்பதில் குழப்பமே இல்லை.

எல்லாவற்றையும் பிழை என்று அடித்துவிடவும் வேண்டாம். 'கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவை தேய்ந்து தேய்ந்து தனிச்சொல்போல ஆகிவிட்டவை. அவற்றுக்கு ஆள் தேவையில்லை.

மற்ற இடங்களில், கமா வந்ததும் ஒரு நொடி நின்று "யாரு?" என்று கேளுங்க. அடுத்த சொல் அதற்குப் பதிலாக இருந்தால் வாக்கியம் சரி.