திண்ணைச் சதுரங்கமும் ஹேஸ்டிங்ஸ் வெற்றியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் கரிசற் சாலையில் சித்திரை வெயில் எப்படிக் காயும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். அத்தகையதொரு பிற்பகலில் நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். உள்ளே தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. தாத்தாவும் பேரனும் சதுரங்கத்தில் மூழ்கியிருந்தார்கள். பேரன் காலாளை இரண்டு கட்டம் தள்ளினான்.

"நம்ம ஆட்டத்திலே ஒரு கட்டந்தான்டா, ஐயா!" என்றார் தாத்தா.

"பள்ளிக்கூடத்திலே இப்படித்தான் தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க."

வழக்கு நம்மிடம் வந்தது. தீர்ப்புக்குப் பதிலாக ஒரு கதை சொன்னோம்.

பஞ்சாபிலே 1903-ல் பிறந்த சுல்தான் கான், இந்தத் தாத்தாவைப் போலவே, காலாள் ஒரு கட்டம் மட்டும் நகரும் ஆட்டத்தைத் தம் தந்தையாரிடம் கற்றவர். மேனாட்டு விதிகளை அவர் பயின்றது இருபது வயதுக்கு மேல்தான். சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929-ல் லண்டன் சென்றவர், அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு ஹாம்பர்க் நகரில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அமர்ந்து ஆடினார். அடிமை நாட்டான் என்று நம்மை எண்ணியிருந்தோர், தம் மானத்தைக் காக்க ஓர் இந்தியரையே முன்னிறுத்த நேர்ந்தது!

1930 டிசம்பர் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே, 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாயிருந்த காப்பாபிளாங்கா. சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய். கறுப்புக்கு ஆடிய காப்பாபிளாங்கா, ராணிப் பக்கத்துக் காலாள் ஒன்றை ஒரே கட்டம் நகர்த்தி, அது நின்ற கட்டத்துக்கு மூலைவாட்டில் பாயும் காயைக் கொண்டுவந்தார். இத்தொடக்கத்துக்கு 'ராணியின் இந்தியத் தற்காப்பு' என்று பெயர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடன் ஆடிய ஆட்டங்களில் இவ்வகை நகர்த்தல்கள் மலிந்திருந்தன. 'இந்திய' என்ற அடைமொழி வந்த வழி அதுவே. காலாள் ஒரு கட்டமே செல்லும் நாட்டில் இப்பழக்கம் வேரூன்றியதில் வியப்பென்ன?

ஐந்தாவது நகர்த்தலில் சுல்தான் கானும் ஓரத்துக் காலாளை ஒரே கட்டம் தள்ளினார். எதிரியின் காய் வந்து தம் குதிரையைக் கட்டிப்போடாதபடி அது கதவை அடைத்தது. பின்னர்த் தம் ராணியைக் கொடுத்து, எதிரியின் யானை இரண்டையும் வாங்கினார். அவசரமில்லாமல் நெருக்கி, 65-ஆவது நகர்த்தலில் வெற்றி கொண்டார்.

பிரிட்டிஷ் பட்டம் 1932, 1933 ஆண்டுகளிலும் அவருடையதே. அத்துடன் தாயகம் திரும்பியவர், மேனாட்டு அரங்குகளை மீண்டும் மிதிக்கவில்லை. 1966-ல் காலமானார். உலகச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-ல். அவர் மறைந்து 58 ஆண்டுகள் கழித்து!

கதை முடிந்ததும் தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ரெண்டு கட்டமே வச்சுக்கட்டும். ஜெயிக்கிறானா பார்ப்போம்!" என்று தம் காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார்.