தண்டலம் வட்டாரக் கொரியக் குடும்பங்களின் அன்றாட வாழ்வில் தமிழ்: உறவுப்பெயர், ஒலி, அடுக்களை

ஆய்வுச் சுருக்கம்

திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில்வழியில் பணிபுரிய வரும் கொரியரின் குடும்பங்கள் தமிழ்ச் சூழலோடு பொருந்துமிடங்களையும் பொருந்தாவிடங்களையும் உறவுப்பெயர், ஒலியமைப்பு, உணவு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கொரியர், உறவுப்பெயர், விளி, இரட்டை வழக்கு, தண்டலம்

முன்னுரை

புலம்பெயர்வு என்றவுடன் தமிழாய்வு மலேசியா, இலங்கை, கனடா என்று வெளியே சென்ற தமிழரையே நினைக்கும். தமிழ்நிலத்திற்கு வந்து குடியேறுவோர் அதன் கண்ணில் அரிதாகவே படுகின்றனர். பூந்தமல்லிக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் இடையே பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த தண்டலத்தைச் சுற்றி இப்போக்கிற்கு மறுப்பு உள்ளது. 1996இல் நிறுவப்பெற்ற ஹூண்டாய் இந்திய நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. உதிரிபாகம் வழங்கும் கொரிய நிறுவனங்களும் அதனைத் தொடர்ந்து வந்தன. நெடுஞ்சாலையோர உணவகப் பலகைகளில் இன்று தமிழோடு கொரிய எழுத்தும் காணப்படுகின்றது.

தொழிற்சாலைக்குச் செல்லும் கணவருக்கு ஆங்கிலமும் மொழிபெயர்ப்பாளரும் துணை. வீட்டில் இருக்கும் மனைவிக்கு அத்துணை இல்லை. பணி விசாவில் வருபவரின் துணைவருக்கு வழங்கப்பெறும் விசா ஊதியப் பணிக்கு இடந்தராது. எனவே பணிப்பெண், ஓட்டுநர், காய்கறிக்காரர், தண்ணீர் கேன் கொண்டுவருபவர் ஆகியோரே அவருக்கு வாய்க்கும் தமிழாசிரியர்.

உறவுப்பெயரும் விளியும்

'அம்மா', 'அப்பா' இரு மொழிக்கும் பொது என்பதை வியப்போடு கூறுவது வழக்கமாகிவிட்டது. இவை மழலைச் சொற்கள். தொடர்பற்ற பல மொழிகளிலும் இத்தகைய வடிவங்கள் தோன்றுவதன் காரணத்தை ரோமன் யாகப்சன் விளக்கியுள்ளார். ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவ்வினவுறவு பின்னாளில் மொழியியலாரிடையே ஏற்புப் பெறவில்லை. எனினும் அன்றாட வாழ்வில் பயன்படும் ஒற்றுமை வேறிடத்தில் உள்ளது.

தந்தையின் தமையனைக் கொரியர் 'பெரிய தந்தை' எனப் பொருள்படும் சொல்லாலும், தந்தையின் தம்பியைச் 'சிறிய தந்தை' எனப் பொருள்படும் சொல்லாலும் சுட்டுவர். பெரியப்பா, சித்தப்பா (சிறு + அப்பா) என்பனவற்றின் பொருளமைப்பும் இதுவே. மூத்தோரை முன்னிலைப் பெயரால் சுட்டாமல் உறவுப்பெயரால் விளிப்பதும், அவ்விளியை உறவல்லாதார்க்கும் நீட்டுவதும் இரு சமூகங்களிலும் உண்டு. உணவகத்தில் பரிமாறும் பெண்ணைத் தாயின் உடன்பிறந்தாளுக்குரிய சொல்லால் அழைத்துப் பழகிய கொரியப் பெண்ணுக்கு, ஓட்டுநரை 'அண்ணா' என்பது புதிதன்று. ஆங்கிலேயருக்கோ அது விளக்கம் வேண்டும்.

வேறுபாடும் கூர்மையானது. தமிழில் ஆணும் பெண்ணும் மூத்தவளை 'அக்கா' என்பர். கொரியத்தில் பெண் கூறுவது 'ஒன்னி', ஆண் கூறுவது 'நூனா'. பெற்றோரின் உடன்பிறந்தார் மக்கள் அனைவரையும் 'சாச்சோன்' என்னும் ஒரே சொல் அடக்குகின்றது. தமிழிலோ பெரியப்பா மகள் உடன்பிறந்தாள், மாமன் மகள் முறைப்பெண். எட்டாம் படி வரையுள்ள இரத்த உறவினரிடையே திருமணத்தைத் தடைசெய்யும் சட்டமுடைய நாட்டிலிருந்து வந்தவர், பணிப்பெண் தன் கணவரை 'மாமன் மகன்' என்று அறிமுகப்படுத்தும்போது தம் காதையே ஐயுறக்கூடும்.

ஒலியும் எழுத்தும்

வடஇந்தியரைக் குழப்பும் ஒன்று கொரியருக்கு எளிது. தமிழில் 'ப' என்னும் ஓரெழுத்து சொன்முதலில் ஒலிப்பிலா ஒலியாகவும், உயிரிடையிலும் மெல்லினத்தை அடுத்தும் ஒலிப்புடை ஒலியாகவும் வரும். கொரியத்தின் இயல்பு வல்லொலிகளும் இவ்வாறே இடத்திற்கேற்ப மாறுகின்றன. 'அப்பா'வின் இரட்டிப்பை அவர்களின் இறுக்கவொலி ஏறத்தாழ நிகர்க்கும். இடர் தருவன ர, ல, ள, ழ. கொரியத்தில் உயிரிடையே வருடொலியாகவும் அசையிறுதியில் லகரமாகவும் ஒலிப்பது ஒரே எழுத்து. ஆகவே 'மழை', 'மலை', 'மறை' மூன்றும் முதலில் ஒன்றாகவே கேட்கும்.

இதனினும் பெரிய தடை இரட்டை வழக்கு. நூலில் 'வருகிறீர்களா' என்று கற்றவர் தெருவில் கேட்பது 'வரீங்களா'. மரியாதைப் படிநிலைகள் நிறைந்த மொழியினர் ஆதலால் 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டை அவர்கள் உடனே உணர்வர். சிக்கல் வேறு: பணிப்பெண் அவரிடம் 'நீங்க' என்பார், அவரது குழந்தையிடம் 'வா', 'போ' என்பார். குழந்தை அந்த 'வா', 'போ'வையே கற்று அண்டை வீட்டுப் பெரியவரிடம் கூறும்போது, தம் பிள்ளை மரியாதை தவறியதைத் தாய் அறியவும் வழியில்லை.

அடுக்களை

கிம்ச்சி தயாரித்துப் பகிரும் மரபு 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்திற்கு முன் இட்டு மாதக்கணக்கில் மெல்லப் புளிக்கவிடும் அவ்வூறுகாய், சென்னைக் கோடையில் ஓரிரு நாளிலேயே புளித்துவிடும். சித்திரையில் இட்லிமாவைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க விரையும் தமிழ்ப்பெண்ணுக்கு இச்சிக்கலை விளக்கவேண்டியதில்லை. சோற்றில்தான் ஒத்துப்போவதில்லை. கஞ்சி வடித்துப் பொலபொலவென்று எடுப்பது இங்குச் சமையல் நேர்த்தி. குச்சியால் எடுக்குமளவு ஒட்டுவதே அங்கு நேர்த்தி. 'குழைந்துவிட்டது' என்று பணிப்பெண் வருந்தும் சோற்றை வீட்டுத்தலைவி விரும்பி உண்பார்.

பணிக்காலம் பெரும்பாலும் சில ஆண்டுகளே. மார்ச்சில் தொடங்கும் கொரியக் கல்வியாண்டைக் கருதிப் பிள்ளைகளோடு தாய் முன்னதாகத் திரும்புவதும் உண்டு. இக்குறுகிய காலத்திற்கு எழுத்துத் தமிழில் தொடங்கும் அரிச்சுவடி பயன்படாது. பேச்சுத் தமிழில், விளிச்சொற்களிலும் ஏவல் வினையின் மரியாதை வடிவங்களிலும் தொடங்கி, கொரிய எழுத்தில் ஒலிபெயர்த்த சிறுநூலே இவர்களுக்குத் தேவை. அதனை ஆக்குவதற்குரிய கொரிய - தமிழ் ஒலியொப்பீட்டை மொழியியல் துறைகள் முதுகலை மாணவரின் ஆய்வேட்டுப் பொருளாகவே தரலாம்.