பழைய பென்ஸ் வாங்கும் முன்: செலவு வைக்கும் கோளாறும் உயிரோடு விளையாடும் கோளாறும்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "2008 மாடல் மெர்சிடிஸ் எம்எல் 350 மலிவா வருது, வாங்கலாமா?" அவரும் சும்மா கேட்கவில்லை. கோளாறுகளை ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார். ஆனால் முதலில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் அதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் பட்டியலில் இருந்ததெல்லாம் சரிதான்.

ஒன்று, ஏர் சஸ்பென்ஷன். சில வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். வயதானால் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று மெல்லக் கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விடும். கண்டுபிடிப்பது எளிது. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கசிவு இருக்கிறது.

இரண்டு, எஞ்சினுக்குள் இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட். 2000களின் நடுவில் வந்த வி6 பெட்ரோல் எஞ்சின்களில் (எம்272) இதன் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்தது. அமெரிக்காவில் வழக்கு வரை போன விஷயம். தேய்ந்தால் வால்வுகளின் டைமிங் தப்பி, எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும்.

மூன்று, டீசல் வண்டிகளில் ஆயில் கூலர் சீல். சீல் விலை அற்பம். ஆனால் அது இருப்பது எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, அடியில். அங்கே போய்ச் சேருவதற்குத்தான் கூலி.

இவை எல்லாம் பர்ஸைக் காலி செய்யும். ஆளைக் கொல்லாது.

இப்போது விட்டுப்போனதற்கு வருவோம். 2022 ஜூனில் மெர்சிடிஸ் உலகம் முழுக்கச் சுமார் 10 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தது. எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ் வண்டிகள்தான் பெரும்பாலும். அமெரிக்காவில் மட்டும் 2006 முதல் 2012 மாடல் வரை சுமார் 2,92,000. வழக்கமான ரீகால் கடிதம் "வசதிப்படும்போது கொண்டுவாருங்கள்" என்று சொல்லும். இது "ஓட்டவே ஓட்டாதீர்கள், நாங்களே இழுத்துப் போகிறோம்" என்றது.

காரணம் பிரேக் பூஸ்டர். இரண்டு டன்னுக்கு மேலான வண்டியை நம் கால் பலத்தால் மட்டும் நிறுத்துவது கஷ்டம். பூஸ்டர் என்பது உள்ளே சவ்வு வைத்த ஒரு தகர டப்பா. எஞ்சின் ஓடும்போது அதனுள் வெற்றிடம் உண்டாகும். பெடலை மிதித்ததும் சவ்வின் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழையும். அந்த அழுத்த வித்தியாசம் நம் காலோடு சேர்ந்து தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த வண்டிகளில் டப்பாவின் மேல் ஒரு ரப்பர் உறை உண்டு. அதன் அடியில் ஈரம் தங்கி, ஆண்டுக்கணக்கில் துரு அரித்தது. துளை விழுந்தால் காற்று கசியும், உதவி குறையும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். துரு மிக முற்றிய நிலையில் அவசரமாக ஓங்கி மிதித்தால், அரிதாக, பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகலாம் என்றும் சொன்னார்கள். உறை மூடியிருப்பதால் பானெட்டைத் திறந்து பார்த்தாலும் துரு தெரியாது.

இன்னொரு விஷயம். "ரீகால் முடிஞ்சாச்சு" என்று விற்பவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். துரு அதிகம் இருந்தும் பூஸ்டர் சோதனையில் தேறிய வண்டிகளை, இரண்டு ஆண்டுக்குள் மறுபடி வர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஓட்ட விட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியது: பார்த்தார்களா, மாற்றினார்களா? பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முதலில் 17 இலக்க விஐஎன் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. அதே வயது வண்டிகள் சில டகாட்டா ஏர்பேக் ரீகாலிலும் உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போன வெடிமருந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசக்கூடிய கோளாறு அது.

பிறகு ஒரு சின்னச் சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் தொடர்ந்து கேட்டாலோ அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். இறங்கிவிட்டது என்பதற்காகத் துரு இல்லை என்றும் ஆகாது. உறையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், பணம் பிடுங்கும் கோளாறுகளை எல்லோரும் தேடித்தேடிப் படிக்கிறோம். உயிருக்கு ஆபத்தான கோளாறை இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். செலவு இல்லாததாலேயே அது நம் பட்டியலில் ஏறுவதில்லை.