விற்றோர் கைவிட்ட வீட்டுக் கருவிகள்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினவன் அப்பொருளுக்கு உடையவன் ஆகின்றான் என்பது உலகத்தார் நெடுங்காலமாய்க் கொண்டுள்ள கொள்கை. குடை செய்தவன் தொழிலை விட்டுவிட்டான் என்பதற்காகக் குடை வாங்கினவன் மழையில் நனைவதில்லை. கடிகாரக் கம்பெனி மூடப்பட்டதென்று கேட்டு, அதன் கடிகாரத்தைக் கட்டியிருப்பவன் மணி பாராது இருப்பதுமில்லை. ஆயின், இக்காலத்தில் நம் இல்லங்களிற் குடிபுகுந்துள்ள கருவிகள் சில இக்கொள்கைக்கு அடங்காதனவாய் இருக்கின்றன. விலை கொடுத்தவர் நாம், வைத்திருப்பவரும் நாம், எனினும் அவற்றின் உயிர்நாடியோ விற்றவர் கையிலேயே இருக்கின்றது. அவர் ஒரு நாள் அத்தொழிலை நிறுத்திவிடின், வாங்கினோர் செய்வதறியாது திகைக்கின்றனர். இத்திகைப்பு எக்காரணத்தால் உண்டாகின்றது, அஃது எவ்வளவு நியாயமுடையது, அதற்குப் பரிகாரம் யாது என்பவற்றை, வீடுகளில் இன்டர்நெட்டைப் பரப்பும் ரௌட்டர் முதலிய கருவிகளின் சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ரௌட்டர் என்பது யாதென அறிதல் வேண்டும். தெருவிலிருந்து வீட்டிற்குள் வரும் இன்டர்நெட் இணைப்பு ஒன்றே. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களும், கைப்பேசிகளும், தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்ந்து பலவாம். அவ்வொன்றினைப் பலவற்றிற்கும் பங்கிட்டளிப்பதே ரௌட்டரின் வேலை. அஃது ஒரு சிறு தபாலாபீஸ் போல்வது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாசம் தருகின்றது. வெளியே செல்லும் செய்திகளை அனுப்பிவைக்கின்றது. திரும்பி வருவனவற்றை உரிய விலாசத்திற் சேர்ப்பிக்கின்றது. வைஃபை எனப்படும் முறையில், வானொலி அலைகளைக் கொண்டு, இவற்றையெல்லாம் கம்பியின்றியே நடத்துகின்றது. இவற்றோடு வாயிற்காவலன் வேலையும் அதற்கு உண்டு. வெளியிலிருந்து அழையாது வருவோரைத் தடுத்து நிறுத்துவதும் அதுவே.

மேசையின் மூலையில் ஓசையின்றி இருக்கும் அப்பெட்டியை, மின்விசிறி போன்றதொரு பொருளென நாம் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பிழை. அதனுள்ளே ஒரு முழுக் கம்ப்யூட்டரே அடங்கியிருக்கின்றது. அதனை நடத்துவது மனிதர் எழுதிய மென்பொருள். மனிதர் எழுதிய எதனிலும் பிழை இருத்தல் இயல்பு. அப்பிழைகளிற் சில, கருவி விற்கப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே கண்டறியப்படுகின்றன. கண்டவர் நல்லவராயின் செய்தோர்க்கு அறிவிப்பர். தீயவராயின் அப்பிழையின் வழியே உள்ளே நுழைவர். ஆதலின் செய்தோர் அவ்வப்போது மென்பொருளைத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். பூட்டு விற்ற கொல்லன், அப்பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி ஊரில் உலாவுவதாய்க் கேள்வியுறுந்தோறும் வந்து பூட்டைச் சீர்ப்படுத்தித் தருவது போன்றதாம் இது. கொல்லன் ஊரை விட்டே சென்றுவிடுவானாயின் பூட்டின் கதி யாதாகும்? நாம் ஆராயும் விஷயத்திற்கு மூலம் இவ்வினாவே.

இனி, யாவரும் அறிந்த உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள், நியூயார்க் நகரில் நடந்த மாக்வோர்ல்ட் மகாநாட்டில், ஆப்பிள் கம்பெனியை நடத்திவந்த ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபுக் என்னும் கம்ப்யூட்டரைக் கையில் ஏந்தி, மேடைமீது நடந்துகொண்டே இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டினார். மறைவான கம்பி ஏதுமில்லை என்பதைச் சபையோர் நம்பும்பொருட்டு, விளையாட்டு வளையம் ஒன்றினுள்ளே அக்கம்ப்யூட்டரைப் புகுத்தியும் காட்டினார். சபையோர் ஆரவாரித்தனர். அன்று அறிமுகமான ஏர்போர்ட் நிலையத்தின் விலை 299 டாலர். கம்ப்யூட்டரினுள்ளே பொருத்தும் அட்டையின் விலை 99 டாலர். கம்பியில்லா இணைப்பினைச் சாமானியக் குடும்பத்தாருக்கும் உரியதாக்கிய முதற்கருவிகளுள் அஃது ஒன்று என்பதில் ஐயமில்லை.

அதன்பின் அக்குடும்பம் தழைத்தது. சுவரிலுள்ள மின்துளையில் நேரே செருகத்தக்கதும், கம்ப்யூட்டரிலுள்ள இசையை ஒலிபெருக்கிக்கு அனுப்ப வல்லதுமான ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 2004-இல் வந்தது. டைம் கேப்ஸ்யூல் என்பது 2008-இல் வந்தது. இது ரௌட்டராய் இருப்பதோடு, தன்னுள்ளே பெரிய சேமிப்புத் தட்டு ஒன்றையும் உடையது. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களின் உள்ளடக்கத்தை மணிக்கொரு முறை தானே பிரதி செய்து காக்க வல்லது. கம்ப்யூட்டர் பழுதுற்றாலும், களவுபோனாலும், குடும்பத்தாரின் புகைப்படங்களும் கடிதங்களும் அழியாதிருந்தன. 2013-இல் இவற்றுட் சிலவற்றிற்குக் கோபுரம் போன்ற புது வடிவம் அளிக்கப்பட்டது. அதுவே இறுதி வடிவமும் ஆயிற்று.

ஐந்தாண்டுகள் புதியதொன்றும் வெளிவரவில்லை. அக்கருவிகளை இயற்றிவந்த குழுவினர் கலைக்கப்பட்டு வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டனர் என்று புளூம்பெர்க் செய்தி ஸ்தாபனம் 2016 நவம்பரில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆப்பிள் கடைகளிலேயே லிங்க்ஸிஸ் கம்பெனியாரின் ரௌட்டர்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், ஏர்போர்ட் கருவிகள் இனிச் செய்யப்படா என்றும், கையிருப்பு உள்ளவரையில் விற்கப்படும் என்றும் கம்பெனியார் அறிவித்தனர். வேறு ரௌட்டரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்று வாடிக்கைக்காரர்க்கு வழிகாட்டும் குறிப்பொன்றையும் வெளியிட்டனர்.

வாடிக்கைக்காரர் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். விற்பனை நின்றதனால் வீட்டிலிருந்த பெட்டி அன்றே நின்றுவிடவில்லையே, பின்னர் வருந்துவானேன் என்று சிலர் வினவலாம். அவ்வருத்தத்திற்குக் காரணங்கள் உண்டு. அக்கருவியை அமைக்க நுண்கல்வி வேண்டியதில்லை. பச்சை விளக்கெரிந்தால் நலம், மஞ்சள் விளக்கு மின்னினால் குறை என்று முதியோரும் அறிந்துகொள்வர். வெளியூரிலுள்ள பெற்றோர்க்கு இதனை வாங்கி அமைத்துக் கொடுத்துவிட்டு மக்கள் கவலையற்றிருந்தனர். மேலும், கம்ப்யூட்டரும் கைப்பேசியும் ரௌட்டரும் ஒருவரே செய்தவையாதலின், பழுது நேர்ந்தவிடத்துக் கேட்பதற்கு ஓரிடம் இருந்தது. பலர் செய்த பொருள்களைக் கூட்டி வைத்தாலோ, குறை எவருடையதென்று ஒருவரையொருவர் சுட்டுதலே மிஞ்சும். இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வீட்டார் காண்பதும், எழுதுவதும், பேசுவதும் எல்லாம் ரௌட்டரின் வழியே செல்கின்றன. அத்தகைய வாயிற்காவலனை அமர்த்துங்கால் நாம் பார்ப்பது விலையை அன்று, நம்பிக்கையை. நம்பின காவலன் விடைபெற்றுச் செல்லுங்கால், புதியவனை நம்புவதற்கு மனம் எளிதில் இசைவதில்லை.

நடுநிலையோடு கூறுமிடத்து, அக்கம்பெனியார் முழுதும் கைவிட்டனர் என்றல் பொருந்தாது. 2018 ஆகஸ்டில், விற்பனை நிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின்னரும், எக்ஸ்பிரஸின் பிந்திய வடிவத்திற்குப் புதிய இசைவசதி ஒன்றை அளித்தனர். 2019-இல் காவற்பிழைகளைத் திருத்தும் மென்பொருளையும் அனுப்பினர். எல்லாத் தொழிலையும் எக்காலத்தும் நடத்துமாறு ஒரு கம்பெனியை வற்புறுத்தல் எவர்க்கும் இயலாது. இலாபம் குன்றிய தொழிலை விடுதல் வணிகர்க்கு உரிய சுதந்தரமே. ஆயின் அச்சுதந்தரம் எவ்வெல்லை வரையிற் செல்லலாம் என்பதே வினா. இதற்கு விடை காண, கருவிகள் கைவிடப்படும் வகைகளை மூன்றாய்ப் பிரித்தல் நலம்.

முதலாவது, விற்பனை நிற்றல். மேற்கூறிய ஏர்போர்ட் 2018-இல் அடைந்த நிலை இதுவே. இதனால் வருவது வருத்தமேயன்றிக் கேடன்று.

இரண்டாவது, திருத்தம் நிற்றல். இதிலேதான் கேடு தொடங்குகின்றது. பெட்டி முன்போலவே வேலை செய்யும், விளக்கும் எரியும், ஆயின் காவலன் உறங்கிவிட்டான். எம் இல்லத்திலும் இத்தகைய பெட்டி ஒன்று, செய்தோரால் கைவிடப்பட்ட பின்னர் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து வந்தது. அஃது அங்ஙனம் கைவிடப்பட்டதென்பதை எமக்கு எவரும் கூறவில்லை, யாமும் கேட்டிலேம். இந்த அறியாமையே தீயோர்க்கு முதலீடாகின்றது. அமெரிக்க நீதி இலாகாவினர் 2024 ஜனவரியில் வெளியிட்ட செய்தியின்படி, சீன அரசின் ஆதரவு பெற்றோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஊடுருவிகள், நூற்றுக்கணக்கான அமெரிக்க வீடுகளிலும் சிறு ஆபீஸ்களிலும் இருந்த ரௌட்டர்களைக் கைப்பற்றித் தம் நடமாட்டத்தை மறைக்கும் திரையாக்கியிருந்தனர். அவற்றுட் பெரும்பாலன சிஸ்கோ, நெட்கியர் என்னும் கம்பெனிகள் திருத்தம் அளிப்பதை நிறுத்திவிட்ட பழங்கருவிகள். நியாயஸ்தலத்தின் ஆணை பெற்று அத்தீநிரல்களை அரசினரே அகற்ற வேண்டியதாயிற்று. தன் வீட்டுப் பெட்டி பிறர்மேல் எய்யப்படும் அம்புக்கு வில்லாய் இருந்ததென்பதை அவ்வீட்டுக்காரர் கனவிலும் கருதியிரார். ஆகவே பழுதான ரௌட்டர் உடையவனுக்கு மாத்திரம் தீங்கன்று, ஊருக்கே தீங்கு.

மூன்றாவது, உயிரையே பறித்தல். சில கருவிகள் தாமே இயங்குவன அல்ல. செய்தோரின் தலைமைக் கம்ப்யூட்டரோடு ஓயாது பேசியே இயங்குவன. ரெவால்வ் என்பது அத்தகையது. வீட்டு விளக்குகளையும் பூட்டுக்களையும் ஒருங்கிணைத்து நடத்தும் அக்கருவியின் விலை ஏறக்குறைய 300 டாலர். அதனைச் செய்த கம்பெனியைக் கூகிளுக்குரிய நெஸ்ட் கம்பெனியார் 2014 அக்டோபரில் வாங்கி, விற்பனையை நிறுத்தினர். பின்னர், 2016 மே 15-ஆம் நாளோடு தலைமைக் கம்ப்யூட்டரின் தொண்டு நிற்கும் என்று அறிவித்தனர். சேவை ஆயுட்காலம் முழுவதும் உண்டென்று நம்பி வாங்கினவர் கையில், பழுதேதும் இல்லாத அப்பெட்டி வெறும் பிளாஸ்டிக் கட்டியாய் நின்றது. கூக்குரல் எழுந்தது. ஃபெடரல் வர்த்தகக் கமிஷன் விசாரணை தொடங்கியது. விற்கப்பட்ட கருவிகள் சிலவே என்பதையும், கம்பெனியார் முழு விலையையும் திருப்பித் தர முன்வந்ததையும் கருதி, 2016 ஜூலையில் அவ்விசாரணை நடவடிக்கையின்றி முடிவுற்றது. ஆயினும், விற்ற பொருளை விற்றவரே பின்னர்ச் செயலறச் செய்தல் நியாயமா என்னும் வினா அன்று முதல் உலகத்தார் முன் நிற்கின்றது.

இனிப் பரிகாரங்களை நோக்குவோம். ஒன்று, மென்பொருளை மறைத்து வையாது வெளியிடுதல். 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரௌட்டர், யாவர்க்கும் பொதுவான லினக்ஸை அடிப்படையாய்க் கொண்டிருந்தது. லினக்ஸின் உரிம விதிப்படி மூல மென்பொருளை வெளியிடுமாறு அறிஞர் வற்புறுத்த, 2003-இல் அது வெளியாயிற்று. அதனின்று 2004-இல் முளைத்ததே ஓப்பன்டபிள்யூஆர்டி. செய்தோர் மறந்துவிட்ட பல கருவிகளை, கூலி கருதாத தொண்டர் பலர் திருத்தித் திருத்தி இன்றுகாறும் காத்து வருகின்றனர். கொல்லன் ஊரை விட்டுச் சென்றாலும், பூட்டின் அமைப்பை எழுதி வைத்துச் சென்றானாயின் மற்றொரு கொல்லன் அதனைச் சீர்ப்படுத்துவான் அன்றோ?

மற்றொன்று, சட்டம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய கருவிகளைச் செய்வோர், காவல் திருத்தம் எக்காலம் வரையில் அளிக்கப்படும் என்பதை வெளிப்படையாய்க் கூறவேண்டும் என விதிக்கின்றது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ ஒரு படி மேலே செல்கின்றது. பொருளின் பயன்காலம் அதனினும் குறைந்ததாய் இருந்தாலன்றி, ஐந்தாண்டுகளேனும் திருத்தம் அளித்தல் வேண்டும் என்பது அதன் கட்டளை. அதன் பெரும்பான்மை விதிகள் 2027 டிசம்பர் 11 முதற் செல்லுபடியாகும் என வரையறுக்கப்பட்டுள்ளது.

சட்டம் செய்ய வேண்டுவதைச் சட்டம் செய்க. வாங்குவோராகிய நாம் செய்யத்தக்கவையும் உள. கருவியை வாங்குமுன், அதன் வேகத்தையும் விலையையும் மாத்திரம் கேளாது, திருத்தம் எவ்வாண்டு வரையில் கிடைக்கும் என்றும், செய்தோரின் தலைமைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டாலும் கருவி இயங்குமோ என்றும் கேட்டல் வேண்டும். வாங்கிய பின், ஆண்டுக்கொரு முறையேனும் அக்கருவி இன்னும் ஆதரிக்கப்படுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். வெளியிலிருந்து அதனை நிர்வகிக்கும் வசதி தேவையற்றதாயின் அதனை அடைத்துவிடல் நன்று. கைவிடப்பட்டதென்று தெரிந்தால், பொதுமென்பொருள் ஏற்குமாயின் அதனை ஏற்றுக. ஏலாதாயின், இன்னும் உழைக்கின்றதே என்று இரங்காது மாற்றிவிடுக. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் அறிவுடைமை.

விற்றல் என்பது பொருளைக் கைமாற்றுதல் மாத்திரம் அன்று. அப்பொருள் உழைக்கும் காலம் வரையில் அதற்குத் துணைநிற்பதாக வாக்களித்தலும் ஆகும். அவ்வாக்கின் எல்லை எதுவென்பதை முன்னரே சொல்லிவிடுதல் வணிகர் கடமை. சொல்லும்படி கேட்டல் நம் கடமை. கேளாதவிடத்து, பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வாயிலோ திறந்தே கிடக்கும்.